தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று

1970ஆம் ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் ட்ரயம்ஃப் நிறுவனம் ஸ்டாக் என்ற காரை அறிமுகப்படுத்தியது. கூரையை மடக்கிவிட்டு ஓட்டக்கூடிய, நான்கு பேர் அமரும் வண்டி, 2,997 சி.சி. கொள்ளளவுள்ள வி8 எஞ்சின். உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. அவருடைய கைவண்ணம் நம் சாலைகளுக்கும் பழக்கமானதுதான்: 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அவர் வரைந்ததே. ஸ்டாக் பார்க்க அழகு. அந்த எஞ்சினின் குரலுக்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. ஆனால் சில ஆண்டுகளிலேயே அதன் பெயரோடு ஒரு பழி ஒட்டிக்கொண்டது. சாலையோரம் நின்று கொதிக்கும் கார் என்றே அதை அறிந்தவர்கள் பலர். 1977இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 25,877 வண்டிகள்தான் வெளிவந்திருந்தன. எஞ்சினையே தூக்கி எறிந்துவிட்டு ரோவர் வி8 எஞ்சினைப் பொருத்திக்கொண்ட உரிமையாளர்களும் உண்டு.

கொதித்ததற்குக் காரணங்கள் பல. வார்ப்பின்போது உள்ளே தங்கிய மணல் ரேடியேட்டரை அடைத்தது. சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் திருகுகளில் பாதி செங்குத்தாகவும் பாதி சாய்வாகவும் இருந்ததால் சூடேறும்போது ஹெட் பக்கவாட்டில் இழுபட்டது. இவை வார்ப்பாலையிலும் வரைபட மேசையிலும் நேர்ந்த குறைகள். இன்றைக்கு ஒரு ஸ்டாக்கை வைத்திருப்பவர் மாற்ற முடிகிற, ஒவ்வொரு முறை தண்ணீர் நிரப்பும்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டிய காரணம் வேறொன்று. அந்த எஞ்சினில் வாட்டர் பம்ப் வழக்கத்தைவிட உயரத்தில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

அங்கே போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்த வி8 எஞ்சினும், சாப் 99 காருக்காக ட்ரயம்ஃப் செய்துகொடுத்த சாய்ந்த நான்கு சிலிண்டர் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்தில் விசிறி பெல்ட் பம்பைச் சுழற்றுவதில்லை. எஞ்சினுக்குள்ளிருக்கும் ஓர் இடைத்தண்டு பற்சக்கரம் வழியாகச் சுழற்றுகிறது. வி8 ஆனபோது அந்தத் தண்டு இருக்கும் இடம் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளம். பம்ப் அதன் தலைமேல் ஏறிக்கொண்டது. சாதாரண எஞ்சினில் பம்ப் தாழ்வாக இருக்கும். ஒன்றிரண்டு லிட்டர் குறைந்தாலும் தண்ணீரில் மூழ்கியே சுழலும். ஸ்டாக்கில் அந்தச் சலுகை கிடையாது.

நெடும்பயணத்துக்குப் பிறகு அந்தக் காரை நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் நின்றதும் பம்பும் நின்றுவிடுகிறது. ஆனால் இரும்பிலும் அலுமினியத்திலும் சேர்ந்த வெப்பம் நிற்பதில்லை. அசையாமல் கிடக்கும் தண்ணீருக்குள் அது தொடர்ந்து இறங்குகிறது. எக்சாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள குறுகிய நீர்வழிகளில் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 1 மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மில்லிலிட்டர் இடம் கேட்கும். ரேடியேட்டர் மூடி தாங்கிப்பிடிக்கும் கூடுதல் அழுத்தத்தில் அது பாதியாகக் குறையலாம். அப்போதும் சிறிதளவு தண்ணீர் ஆவியானாலே அது பெருமளவு தண்ணீரை விரிவுத் தொட்டிக்குத் தள்ளி, அங்கிருந்து வெளியேயும் சிந்தவைக்கப் போதும். குளிர்ந்த பிறகு சிந்தியது திரும்பி வராது. அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது நீர்மட்டம் பம்புக்குக் கீழே இருக்கலாம். பம்ப் சுழல்கிறது, தண்ணீர் நகர்வதில்லை.

பம்ப் சுழன்றும் தண்ணீர் ஏன் நகராது? கிணற்று மோட்டாரோடு பழகிய எந்த விவசாயிக்கும் விடை தெரியும். மோட்டார் ஓடும், குழாயில் தண்ணீர் வராது; ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்று சொல்லி, பம்பின் மேலுள்ள மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். கிணற்று மேட்டில் இருப்பதும் காருக்குள் இருப்பதும் ஒரே வகை இயந்திரம், மையவிலக்குப் பம்ப். அதன் சக்கரம் திரவத்தைச் சுழற்றி ஓரத்துக்கு எறிகிறது. எறியப்படும் பொருளின் அடர்த்தியைப் பொறுத்தே அழுத்தம் பிறக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. தண்ணீரில் சுழன்று 5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக்கூடிய பம்ப், அதே வேகத்தில் காற்றில் சுழன்றால் தரும் அழுத்தம் 6 மில்லிமீட்டர் தண்ணீரைத் தூக்கத்தான் போதும். போதாக்குறைக்கு, கனமான தண்ணீர் ஓரத்துக்கு எறியப்பட, இலேசான காற்று சக்கரத்தின் நடுவே ஒதுங்கி, புதிதாகத் தண்ணீர் நுழையும் வாயையே அடைத்துக்கொள்கிறது. தானாக அது விலகாது.

இதன் விளைவை எண்களில் பார்த்தால்தான் எவ்வளவு சின்னக் காற்று எவ்வளவு பெரிய சேதம் செய்கிறது என்பது விளங்கும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் சக்கரத்துக்குப் போகும் அளவுக்கு ஏறக்குறைய சமமான பங்கு தண்ணீருக்கும் போகிறது என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. நெடுஞ்சாலையில் எஞ்சின் 25 கிலோவாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு 25 கிலோவாட் வெப்பத்தைத் தண்ணீர் சுமந்து போய் ரேடியேட்டரில் கொட்ட வேண்டும். நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடினால், எஞ்சினுக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு 6 டிகிரிதான். ஓட்டம் பாதியானால் 12 டிகிரி. ஓட்டமே நின்றால் கணக்கு முடிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.2 கிலோஜூல் விழுங்கும். ஒரு லிட்டர் காற்று விழுங்குவது அதில் சுமார் 3,500இல் ஒரு பங்கு. வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீரைவிடக் காற்று 20 மடங்குக்கு மேல் மந்தமானது. சிலிண்டர் ஹெட்டின் உச்சியில் ஒரு காற்றுப் பை தங்கினால், அதற்கு அடியிலுள்ள உலோகம் குளிர்விப்பே இல்லாமல் எரிகிறது.

ஸ்டாக்கில் ஹெட் அலுமினியம், அது உட்கார்ந்திருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரு மடங்கு விரியும். 45 சென்டிமீட்டர் நீள அலுமினியம் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 1 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு அரை மில்லிமீட்டர்தான் நீளும். நடுவில் மாட்டிக்கொள்வது கேஸ்கெட். ஹெட் வளைந்துபோவதும் கேஸ்கெட் கருகுவதும் இந்த அரை மில்லிமீட்டர் இழுபறியிலிருந்தே தொடங்குகின்றன.

ஓட்டுநர் முள்ளைப் பார்த்து எச்சரிக்கையாகலாமே என்று தோன்றும். வெப்பமானியின் உணரி பெரும்பாலும் எஞ்சினின் மேல்பகுதியில், தெர்மோஸ்டாட் அருகே திருகப்பட்டிருக்கும். காற்று தேடிப் போகும் இடமும் அதுவே. உணரி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். காற்றில் தொங்கினால் முள் சாதாரண இடத்திலேயே சாதுவாக நிற்கும். சில நேரம் ஆவி பட்டு ஏறும், அடுத்த நிமிடம் இறங்கும். சூடாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று கீழே விழுந்தால், எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று நிம்மதியடையக் கூடாது. உடனே ஓரங்கட்ட வேண்டும். என் கணக்கில், பழைய கார் ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதலாவது இதுதான். குளிர் நாடுகளில் இன்னோர் அடையாளமும் உண்டு: உட்புற ஹீட்டரைத் திருப்பினால் எஞ்சின் சூடாக இருந்தும் குளிர்காற்று வரும். ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று அங்கே போய்க் குடியேறிவிடுகிறது.

கார்களின் ஆரம்ப காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. ஃபோர்டு டி மாடலின் முதல் 2,500 வண்டிகளில் மட்டும் பம்ப் இருந்தது. அதற்குப் பின் வந்த லட்சக்கணக்கான வண்டிகளில் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் இலேசாகி மேலே ஏறும், ரேடியேட்டரில் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும்; அந்தச் சுழற்சியே போதுமானதாக இருந்தது. அது நடக்க வேண்டுமானால் ரேடியேட்டர் எஞ்சினைவிட உயர்ந்து நிற்க வேண்டும், குழாய்கள் மேல்நோக்கியே சாய வேண்டும். தண்ணீரின் வசதிக்காகச் செய்த அந்த அமைப்பு காற்றுக்கும் வழிவிட்டது. எங்கே குமிழ் பிறந்தாலும் அது ஏறி ஏறி ரேடியேட்டரின் மேல்தொட்டியில் போய்ச் சேரும். மூடியைத் திறந்தால் போய்விடும். பம்ப் வந்த பிறகும் உயரமான ரேடியேட்டர் பல காலம் நீடித்தது. நம் அம்பாசடரின் பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றுக்கும் மேலே நிற்பதைப் பார்க்கலாம். மலைப்பாதையில் ஓட்டுநர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சிக்கலில்லாமல் கிளம்ப முடிந்ததற்கு அந்த உயரம் முக்கியமான காரணம்.

பிறகு கார்கள் தாழ்ந்தன. காற்றைக் கிழித்து ஓடவும் கண்ணுக்கு அழகாக இருக்கவும் பானெட்டைக் கீழே இறக்கினார்கள். ரேடியேட்டரும் இறங்கியது, எஞ்சினின் உச்சி மேலே தங்கிவிட்டது. எஞ்சினையே இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோன வண்டிகளில் சிக்கல் இன்னும் கூடியது. 1972இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9 காரில் எஞ்சின் பின்னே, ரேடியேட்டர் முன்னே. இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய்கள் தரைத்தளத்துக்கு அடியில் ஓடுகின்றன. முன்னால் ஒரு மேடு, பின்னால் ஒரு மேடு, நடுவே ஒரு பள்ளம். மேடு ஒவ்வொன்றிலும் காற்று தங்கும். வட அயர்லாந்தில் தயாரான டெலோரியன் காரிலும் பின்புற எஞ்சின், முன்புற ரேடியேட்டர், அதே தலைவலி. இப்படிப்பட்ட கார்களில் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, காற்றையும் எடுக்க வேண்டும். அதற்காகத்தான் ரேடியேட்டர் உச்சியிலோ தெர்மோஸ்டாட் கூட்டிலோ சிறியதொரு திருகை வைத்தார்கள்.

குமிழ் ஒன்று கீழ்நோக்கிச் செல்லும் குழாயில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் மிகவும் விரும்பிப் படித்திருக்கிறேன்; பட்டறைகளில் பரம்பரையாகச் சொல்லும் ஒரு வழக்கத்தை அது விளக்குகிறது. தண்ணீரில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள குமிழ் நொடிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வேகத்தில் மேலே ஏறும். காரின் பெரிய ஹோஸ் அளவுள்ள, 32 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை முழுக்க அடைத்து நிற்கும் பெரிய குமிழும் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஏறும். அந்தக் குழாயில் தண்ணீர் நிமிடத்துக்கு 10 லிட்டர் இறங்கினால் அதன் வேகமும் நொடிக்கு 20 சென்டிமீட்டர். குமிழ் ஏறப் பார்க்கிறது, தண்ணீர் இறக்கப் பார்க்கிறது. இரண்டும் சமமாகி, குமிழ் அங்கேயே தொங்கி நிற்கிறது. ஐடிலிங்கில் மணிக்கணக்காக எஞ்சினை ஓடவிட்டாலும் அது அசையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஓட்டத்தை நிமிடத்துக்கு 60 லிட்டராக உயர்த்தினால் தண்ணீரின் வேகம் நொடிக்கு 120 சென்டிமீட்டரைத் தாண்டும்; குமிழ் அடித்துச் செல்லப்பட்டு மறுபக்க மேட்டில் போய் வெளிப்படும். ‘ரெண்டாயிரத்துல கொஞ்ச நேரம் பிடி’ என்று மெக்கானிக் சொல்வது இதற்குத்தான்.

இனி ஸ்டாக் போன்ற ஒரு வண்டியில் காற்றை எடுப்பதைப் பார்ப்போம். வேலையைக் குளிர்ந்த எஞ்சினில்தான் தொடங்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் வாய் உயரமாக அமையும்படி வண்டியின் முன்பக்கத்தைச் சரிவிலோ ஜாக்கிலோ தூக்கி நிறுத்துவது நல்லது. கீழே இறங்கிப்போன ரேடியேட்டரை நாமே மறுபடி மேலே ஏற்றுகிறோம். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பிவைத்தால் அதன் வால்வு திறந்து உள்ளிருக்கும் காற்றுக்கு வழி கிடைக்கும். உச்சியிலுள்ள திருகைத் தளர்த்திவிட்டு மெதுவாக ஊற்ற வேண்டும். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன்: மளமளவென்று ஊற்றினால் வெளியே வர வேண்டிய காற்றின் பாதையையே தண்ணீர் மறித்துவிடும். திருகின் வாயில் முதலில் காற்று, பிறகு துப்பல், பிறகு குமிழில்லாத தண்ணீர் வரும்; அப்போது முறுக்கிவிடலாம். ஊற்றும்போதே மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால், ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கள் பிரிந்து வரும்.

இந்த நிலையில் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கிறது. மெழுகு நிரப்பிய சிறு கலம் அது. சுமார் 82 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை அதற்கு அடியில் சேரும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. நல்ல தெர்மோஸ்டாட்களின் தட்டில் ஒரு சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் இருக்கும். காற்று வந்தால் ஊசி தொங்கி வழிவிடும். தண்ணீர் அழுத்தினால் எழும்பித் துளையை அடைக்கும். மாற்றிப் பொருத்தும்போது அந்தத் துளை மேல்பக்கம் வருமாறு வைக்க வேண்டும். ஊசி இல்லாதவற்றில் சிலர் 3 மில்லிமீட்டர் துளை போட்டுக்கொள்கிறார்கள்; எஞ்சின் சூடேறச் சற்று நேரம் பிடிக்கும், ஆனால் ஸ்டாக் மாதிரி வண்டிக்கு அது நியாயமான விலை.

மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். திறந்த கணத்தில் மேல் ஹோஸ் கைக்குச் சுடும், நீர்மட்டம் ‘களக்’ என்று இறங்கும். உடனே நிரப்ப வேண்டும். நுண்ணிய குமிழ்கள் இன்னும் சில நிமிடங்கள் வந்துகொண்டிருக்கும். அவை எல்லாம் சிக்கிய காற்று அல்ல. 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 19 மில்லிலிட்டர் காற்று கரைந்திருக்கும். சூடேறும்போது அது தண்ணீரை விட்டு வெளியேறுகிறது. 10 லிட்டர் நிரப்பினால் கிட்டத்தட்ட ஒரு டம்ளர் காற்றை நாமே ஊற்றியிருக்கிறோம். எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் மறுநாள் காலை மட்டம் சற்றே இறங்கியிருப்பது இதனால்தான். குளிர்ந்த எஞ்சினில் மறுபடி பார்த்து நிரப்பினால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஸ்டாக் உரிமையாளர்கள் பலர் எஞ்சினைவிட உயரத்தில் தனியாக ஒரு மேல்தொட்டி பொருத்திக்கொள்கிறார்கள். அசல் தோற்றம் கெடும் என்று தயங்குகிறவர்களின் மனம் புரிகிறது. ஆனாலும் டி மாடலின் பழைய நியாயத்தை அந்த வண்டிக்குத் திருப்பித் தரும் மாற்றம் அது என்பதால் என் வாக்கு அதற்கே.

வெற்றிடம் உண்டாக்கி நிரப்பும் கருவி இப்போது பட்டறைகளில் கிடைக்கிறது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, அந்த உறிஞ்சலாலேயே தண்ணீரை உள்ளே இழுக்கும். வேலை எளிது, கசிவு இருந்தால் கருவியின் முள் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இதை மாயமாக நினைக்கக் கூடாது. வளிமண்டல அழுத்தத்தில் 85 விழுக்காட்டை எடுத்தாலும் மீதி 15 விழுக்காடு உள்ளே இருக்கிறது. 10 லிட்டர் அமைப்பில் அது ஒன்றரை லிட்டர் காற்றுக்குச் சமம். நிரப்பிய பிறகு இரண்டாம் முறை உறிஞ்சினால், மிச்சக் குமிழ்கள் ஆறேழு மடங்கு ஊதிப் பெருத்து இடம்பெயர்ந்து வெளியே வரும். ஐம்பது வயது ரப்பர் ஹோஸ்கள் இந்த உறிஞ்சலில் தட்டையாகி வெடிக்கக்கூடும். அவற்றை முதலில் மாற்றிவிட வேண்டும்.

ஊற்றுவது வெறும் தண்ணீராக இருக்கக் கூடாது. அலுமினியமும் இரும்பும் ஒரே தண்ணீரில் நனைந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும், சிக்கிய காற்றிலுள்ள ஆக்சிஜன் அதற்குத் தீனி போடும், உதிரும் துகள்கள் ரேடியேட்டரை அடைக்கும். அரிப்புத் தடுப்பான் கலந்த கூலண்ட்தான் தேவை. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. வடித்த கூலண்டைத் தட்டில் விட்டுவைத்தால் நாய் நக்கிச் செத்துப்போகும்.

சூடான எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் போய்விடும். 10 லிட்டரில் 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான பங்கு அந்த நொடியிலேயே ஆவியாகும். அந்த ஆவியின் கொள்ளளவு 600 லிட்டர். அது கொதிநீரையும் இழுத்துக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் வாரந்தோறும் காற்று திரும்பி வருகிறது என்றால், அது நிரப்பும்போது சிக்கிய காற்று இல்லை; எங்கிருந்தோ புதிதாக நுழைகிறது. எரிந்த வாயு ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீருக்குள் புகுந்தால் அதில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். ரேடியேட்டர் வாயில் தேங்கும் காற்றை நீல நிறச் சோதனைத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். திரவம் மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றி, நேர்விளிம்புச் சட்டம் வைத்து வளைவை அளந்து, கேஸ்கெட்டை மாற்ற வேண்டியதுதான். நீலமாகவே இருந்தால் ஹோஸ் கிளிப்புகளையும் பம்பின் சீலையும் பார்க்க வேண்டும்: வண்டி குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, விரிவுத் தொட்டியிலிருந்து தண்ணீரை இழுப்பதற்குப் பதிலாக அந்தச் சந்துகளின் வழியே வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.